ஃபோந்தெனுவா: தீர்ப்பு யாருடையது?

ஒரு தந்தையின் மக்கள் கூடிப் பிறந்து, கூடி உண்டு, கூடி வளர்கின்றனர். தந்தை கண்மூடிய பின் அவர்களே பங்காளிகளாகின்றனர். பங்கை உடையவன் என்று பொருள்படும் இச்சொல் பகையையும் உள்ளடக்கி நிற்பதை நம் தமிழ் வழக்கு நன்கறியும். திருவிவிலியத்தின் முதல் கொலையும் உடன்பிறந்தோரிடையேதான் நிகழ்ந்தது. காயின் காலத்து வயல்வெளி, மாந்தர் வரலாற்றில் பல இடங்களில், பல பெயர்களில் மீண்டும் மீண்டும் தோன்றியுள்ளது. அவற்றுள் ஒன்று ஃபோந்தெனுவா.

பிரான்சு நாட்டின் ஓசேர் நகருக்குத் தென்மேற்கே அமைந்த சிற்றூர் இது. 1745-ஆம் ஆண்டில் இன்றைய பெல்ஜியத்தில் இதே பெயருள்ள வேறோர் ஊரில் நடந்த போரை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். நாம் இங்குக் கருதுவது அதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகள் முற்பட்டது. 841-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், சனிக்கிழமை காலையில், மாமன்னர் சார்லமேனின் பேரப்பிள்ளைகள் தங்கள் படைகளுடன் இவ்வூரருகே ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர். ஒரே இனத்தவர், ஒரே திருமுழுக்குப் பெற்றவர், ஒரே நற்கருணையை உண்டவர் இரு பக்கத்திலும் நின்றனர். அந்தக் காலைப்பொழுதைவிட, அதன் மறுநாள் ஞாயிறன்று எழுந்த ஒரு கேள்வியே நம்மை இதனை எழுதத் தூண்டியது.

தந்தையின் ஆட்சியில் விதைத்தவை

சார்லமேன் 814-இல் இறந்தபோது, பேரரசு முழுவதும் உயிரோடிருந்த ஒரே சட்டபூர்வ மகனான லூயியிடம் வந்தது. பக்திமான் லூயி என்று வரலாறு இவரை அழைக்கிறது. தந்தையின் நாட்டை மக்கள் அனைவரும் பங்கிட்டுக்கொள்வது பிராங்கு இனத்தாரின் பழைய வழக்கம். அதற்கு மாறாக, கிறிஸ்தவப் பேரரசு ஒன்றே என்னும் கொள்கையைத் திருச்சபைச் சான்றோர் பலர் வலியுறுத்தினர். இரண்டையும் இணைக்க முயன்ற லூயி 817-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். மூத்த மகன் லோத்தேர் பேரரசுப் பட்டத்தில் தந்தையோடு பங்கு பெறுவார். இளையவர்களான பெப்பின் அக்கித்தேனையும், லூயி பவாரியாவையும் அண்ணனுக்கு அடங்கி ஆள்வர். இதுவே ஏற்பாடு.

அந்த ஆணை உடனே ஓர் உயிரைக் குடித்தது. இத்தாலியை ஆண்டுவந்த பெர்னார்து, பேரரசரின் அண்ணன் மகன். தம் பெயர் அந்த ஆணையில் இல்லாததைக் கண்டு அவர் கிளர்ந்தெழுந்தார், பின்னர்ப் பணிந்தார். ஆயினும் 818-இல் அவருடைய கண்கள் பறிக்கப்பட்டன. அந்தக் கொடுமையில் அவர் மாண்டார். இக்குற்றம் பேரரசரின் மனச்சான்றை விடாமல் உறுத்தியது. 822-இல் ஆத்தினி என்னுமிடத்தில் ஆயர்கள் முன்னும் மக்கள் முன்னும் அவர் வெளிப்படையாகத் தம் பாவத்தை ஏற்றுத் தவம் மேற்கொண்டார்.

இதற்கிடையே முதல் மனைவி இறக்க, 819-இல் யூதித்து என்பவரை லூயி மணந்தார். 823-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பிராங்க்ஃபர்ட்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. பாட்டனாரின் பெயரான சார்லஸ் என்பதே அதற்குச் சூட்டப்பட்டது. இக்குழந்தைக்குத் திருமுழுக்கில் ஞானத்தந்தையாக நின்றவர் வேறெவருமல்லர், மூத்த அண்ணன் லோத்தேரே. தந்தை தம் இளைய மகனுக்கு எப்பகுதியைக் கொடுத்தாலும் அதற்கு இசைந்து அவனைக் காப்பதாக லோத்தேர் அப்போது ஆணையிட்டு உறுதியளித்தார். அண்ணனும் ஞானத்தந்தையுமாக இருமடங்கு உறவு பூண்டவர் அவர். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த ஞானமகனுக்கு எதிரேதான் அவர் படையணி வகுத்தார்.

பங்கிட்டு முடித்த நாட்டில் நான்காவது பங்குக்கு இடம் ஏது? 829-இல் சிறுவன் சார்லசுக்குப் பேரரசர் ஒரு பகுதியை ஒதுக்கியதும் மூத்தவர்கள் கொதித்தனர். 830-இல் ஒரு கலகம் எழுந்தது. 833-இல் மற்றொன்று எழுந்தது. கோல்மார் அருகேயுள்ள சமவெளியில் தந்தையும் மூன்று மைந்தரும் எதிரெதிரே பாளையமிறங்கினர். அமைதி உண்டாக்கும் எண்ணத்துடன் திருத்தந்தை நான்காம் கிரகோரியார் லோத்தேரோடு ஆல்ப்ஸ் மலை கடந்து அங்கு வந்திருந்தார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, கையூட்டாலும் வாக்குறுதியாலும் மயங்கிய பேரரசரின் வீரர்கள் மைந்தரின் பாளையத்திற்கு நழுவிச் சென்றனர். தந்தை ஏறத்தாழத் தனித்துவிடப்பட்டார். அவ்விடத்தை மக்கள் அதன்பின் பொய்மையின் களம் என்றே அழைத்தனர். திருத்தந்தை வருத்தத்தோடு உரோமை திரும்பினார். சுவாசோன் நகரின் புனித மெதார்து ஆலயத்தில் லூயி தம் வாளையும் அரைக்கச்சையையும் பீடத்தின்முன் களைந்து, தவ உடை அணிய வேண்டியதாயிற்று. ஆத்தினியில் மனமுவந்து செய்த தவம் வேறு. சுவாசோனில் அவர்மேல் சுமத்தப்பட்ட தவம் வேறு. திருச்சபையின் புனிதமான ஓர் ஒழுங்கு அரசியற் கருவியாக்கப்பட்ட வேதனையான நிகழ்ச்சி அது. மறு ஆண்டே மைந்தர்கள் தமக்குள் பிணங்கியதால் தந்தை மீண்டும் அரியணை ஏறினார்.

838-இல் பெப்பின் இறந்தார். அவருடைய மகன் இரண்டாம் பெப்பினை ஒதுக்கிவிட்டு, அக்கித்தேனையும் சார்லசுக்கே பேரரசர் அளித்தார். இவ்வாறு மற்றொரு பகைவன் உருவானான். 840-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், இங்கல்ஹைம் அருகே ரைன் ஆற்றுத் தீவொன்றில் லூயி உயிர் துறந்தார். தம்மை எதிர்த்துப் படை திரட்டியிருந்த தம் பெயருடைய மகனை அவர் இறக்கும் வேளையில் மன்னித்தார். ஆயினும், தந்தையின் நரைமுடியைத் துயரத்தோடு கல்லறைக்கு அனுப்பியதை அம்மகன் மறந்துவிடலாகாது என்றும் சொல்லியனுப்பினார் என அவருடைய வரலாற்றை எழுதியவர் குறிப்பிடுகிறார்.

களத்தை நோக்கி

இத்தாலியிலிருந்த லோத்தேர் விரைந்து வடக்கே வந்தார். 817-ஆம் ஆண்டு ஆணையின்படி பேரரசு முழுவதும் தமக்கே உரியது என்றார். எதிரெதிராய் நின்ற இரு தம்பியரும், அதாவது ஜெர்மானிய லூயியும், பிற்காலத்தார் 'வழுக்கைத்தலை' என்று அடைமொழி கொடுத்த சார்லசும், அச்சத்தால் ஒன்றுசேர்ந்தனர். ஒதுக்கப்பட்ட இளைஞன் இரண்டாம் பெப்பின் பெரிய தந்தையான லோத்தேரின் பக்கம் சேர்ந்தான். யாருடைய கோரிக்கை நியாயமானது என்று கேட்டால் விடை எளிதன்று. லோத்தேரின் கையில் ஆணை இருந்தது. சார்லசுக்குத் தந்தையின் கொடையும், அண்ணன் இட்ட சத்தியமும் இருந்தன. பெப்பினுக்குத் தன் தந்தை ஆண்ட நாட்டின்மேல் இரத்த உரிமை இருந்தது. ஒவ்வொருவரும் தம்மை நீதிமான் என்றே எண்ணினர்.

இப்போரைப் பற்றி நமக்கு மிகுதியாகச் சொல்பவர் நித்தார்து. இவர் சார்லமேனின் மகள் பெர்த்தாவின் மைந்தர். சார்லசின் படையில் நின்று இக்களத்தில் தாமே போரிட்டவர். சார்லசின் வேண்டுகோளின்படியே வரலாற்றை எழுதியவர். ஆகவே அவர் ஒருபக்கச் சாட்சி என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். 841-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின நாளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அவர் வியப்போடு பதிவு செய்கிறார். உடுத்த ஆடையன்றி மாற்று அரசவுடை இல்லாத நிலையில் சார்லஸ் த்ருவா நகரில் தங்கியிருந்தார். அவர் குளித்து எழுந்த வேளையில், அக்கித்தேனிலிருந்து வந்த தூதர்கள் மணிமுடியையும் அரச அணிகளையும் வழிபாட்டுப் பொருள்களையும் கொண்டுவந்து வாயிலில் நின்றனராம். கள்வர் நிறைந்த நெடுவழியில் அவை பழுதின்றி வந்து சேர்ந்ததை இறையருள் என்றே அனைவரும் கொண்டனர்.

ஜூன் 21-ஆம் நாள் படைகள் ஓசேர் அருகே ஒன்றையொன்று கண்டன. தம்பியர் தூதனுப்பினர். குதிரைகளும் படைக்கலங்களும் நீங்கலாக எங்கள் பாளையத்திலுள்ள அனைத்தையும் காணிக்கையாகத் தருகிறோம். அது போதாதெனில் எங்கள் நாடுகளில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்கிறோம். அதுவும் போதாதெனில் பிராங்கு நாட்டைச் சமமாகப் பங்கிடுவோம், விரும்பிய பங்கை நீரே முதலில் எடுத்துக்கொள்ளும் என்றனர். லோத்தேர் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. ஆலோசிக்க அவகாசம் கேட்டார். ஜூன் 25-ஆம் நாள் காலை இரண்டாம் மணிவரை போர்நிறுத்தம் உடன்பட்டது. உண்மையில் அவர் பெப்பினின் வருகைக்காகவே காத்திருந்தார் என்கிறார் நித்தார்து. ஜூன் 24, புனித திருமுழுக்கு யோவான் பிறந்தநாள். ஆண்டவருக்கு முன்சென்று மனமாற்றத்தை அறிவித்த அந்தப் புனிதரின் திருநாளில் பெப்பினின் படை வந்து சேர்ந்தது. அதன்பின், பேரரசர் என்ற பட்டத்தின் மேன்மைக்கு ஏற்பவே தாம் நடக்கவேண்டும் என்று லோத்தேர் மறுமொழி அனுப்பினார். அவ்வாறாயின் நாளை காலை இறைவனின் தீர்ப்புக்கு வருகிறோம் என்று தம்பியர் அறிவித்தனர்.

இறைவனின் தீர்ப்பு என்னும் அச்சொல் வெறும் அணியன்று. நெருப்பாலும் நீராலும் வாட்போராலும் குற்றவாளியையும் குற்றமற்றவனையும் இறைவனே காட்டிக்கொடுப்பார் என அக்காலத்தார் மெய்யாகவே நம்பினர். போரும் அவர்களுக்கு ஒரு வழக்குமன்றமாகவே தோன்றியது.

விடியுமுன்னே தம்பியர் தம் படையில் மூன்றிலொரு பங்கினருடன் லோத்தேரின் பாளையத்தருகே ஒரு குன்றின் உச்சியைப் பிடித்துக்கொண்டு, குறித்த நேரம் வரும்வரை காத்திருந்தனர். பின்னர் மூன்று இடங்களில் போர் மூண்டது. லோத்தேரும் ஜெர்மானிய லூயியும் ஓரிடத்தில் மோதினர். பெப்பினும் சார்லசும் மற்றோரிடத்தில் மோதினர். மூன்றாவது இடத்தில் ஆதலார்து என்னும் பிரபுவுக்குத் துணையாக நித்தார்து போரிட்டார். கடும்போருக்குப் பின் லோத்தேரின் படை முறிந்து ஓடியது. மாண்டவர் எத்துணையர் என்பது துணியக்கூடியதன்று. லோத்தேர், பெப்பின் பக்கத்தில் மட்டும் 40,000 பேர் மடிந்தனர் என ரவென்னா நகரின் அக்னெல்லுஸ் எழுதினார். அக்காலப் படைகளின் அளவை நோக்க இது மிகையே என்பது வரலாற்றறிஞர் கருத்து. ஆனால் பேரெண்ணிக்கையாக அதை எழுதச் செய்த அதிர்ச்சி உண்மையானது.

தோற்ற பக்கத்தில் முன்வரிசையில் நின்று, உடன் நின்ற பலரையும் இழந்து உயிர்தப்பிய ஆங்கில்பெர்து என்ற வீரர் இலத்தீனில் ஓர் இரங்கற்பா பாடினார். அகரவரிசைப்படி தொடங்கும் அதன் பத்திகளில் வெற்றிப் பெருமிதமும் இல்லை. பழிவாங்கும் சூளுரையும் இல்லை. உறவினர் உறவினரைக் கொன்ற நாளைக் குறித்த புலம்பலே உண்டு. அது இசைக்குறிகளோடு ஒரு கையெழுத்துப் படியில் நமக்குக் கிடைத்திருக்கிறது. மக்கள் அதைப் பாடினர் என்பதற்கு அதுவே சான்று.

மறுநாள் ஞாயிறு

வென்றவர்கள் ஓடியவரைத் துரத்தாமல் நின்றனர். மறுநாள் ஞாயிறு. திருப்பலி நிறைவேற்றப்பட்டது. நண்பர், பகைவர் என்ற வேறுபாடின்றி இறந்தோர் அடக்கம் செய்யப்பட்டனர்; காயமுற்றோர் பேணப்பட்டனர்; தப்பியோடியோர் திரும்பினால் மன்னிப்பு உண்டென்று செய்தி அனுப்பப்பட்டது. இவையனைத்தும் பாராட்டத்தக்கவையே. ஆயினும் அரசர்களின் உள்ளம் அமைதி பெறவில்லை. நாங்கள் செய்தது என்ன என்று ஆயர்களை நோக்கிக் கேட்டனர்.

ஆயர்கள் கூடி ஆராய்ந்து இவ்வாறு முடிவு கூறினர்: நீதிக்காகவே போர் நடந்தது, இறைவனின் தீர்ப்பு அதனை வெளிப்படுத்திவிட்டது, ஆதலின் அதற்குக் கருவியாக இருந்தோர் குற்றமற்றவர். ஆனால் சினத்தாலோ, பகையாலோ, வீண்பெருமையாலோ, வேறு தீய நோக்கத்தாலோ எவனேனும் ஆலோசனை சொல்லியிருந்தால் அல்லது வாளோங்கியிருந்தால், அவன் தன் மறைவான பாவத்தை மறைவாக அறிக்கையிட்டு, அதற்குரிய தவத்தை ஏற்பானாக. அதன்பின் இறந்த சகோதரருக்காகவும், தங்கள் குறைகளுக்காகவும் மூன்று நாள் நோன்பு அறிவிக்கப்பட்டது. அனைவரும் அதனை மனமுவந்து கடைப்பிடித்தனர் என்கிறார் நித்தார்து.

இத்தீர்ப்பை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அதில் ஆழ்ந்த மேய்ப்புப்பணி அறிவு உண்டு. வெற்றி பெற்ற படையை நோக்கி, உன் உள்ளத்தை ஆராய்ந்து பார் என்று சொல்லும் துணிவு எல்லாக் காலத்திலும் காணக்கிடைப்பதன்று. எனினும் அதன் முதற்பகுதி நம்மை உறுத்துகிறது. தோற்றவன் குற்றவாளி, வென்றவன் குற்றமற்றவன் என்றால், சிலுவையில் தோற்றவராகத் தொங்கிய ஆண்டவரைப் பற்றி நாம் என்ன சொல்வோம்?

இக்கேள்வியை அக்காலத்திலேயே ஒருவர் எழுப்பினார். ஃபுல்தா மடத்தின் தலைவர் ரபானுஸ் மௌருஸ் அவர். தூய ஆவியாரை வேண்டித் திருச்சபை இன்றும் பாடும் 'வேனி கிரெயாத்தோர்' பாடலை இயற்றியவர் இவரே என்பது மரபு. போர் நடந்து ஓராண்டு செல்வதற்குள் மைன்ஸ் பேராயருக்கு எழுதிய தவமுறை நூலில், அரசர்களின் ஆணையால் கொன்றோம், தீர்ப்பு இறைவனுடையது, ஆதலால் எங்களுக்குத் தவம் தேவையில்லை என்று சாதிப்போரை அவர் மறுக்கிறார். கொன்றவன் பேராசையாலோ, தன் மண்ணுலகத் தலைவனின் தயவைப் பெறவோ, நிலையான தலைவரை மறந்து கொன்றானா என்று ஆராயுமாறு கேட்கிறார். ரபானுஸ் லோத்தேரின் ஆதரவாளர், தோற்ற பக்கத்தவர். ஆகவே இது பக்கச்சார்பான குரல் என்று சிலர் கூறலாம். இருக்கட்டும். மன்னனின் ஆணை மனச்சான்றின் கடமையை நீக்கிவிடாது என்னும் உண்மை, அதைச் சொன்னவரின் அரசியல் சார்பால் பொய்யாகிவிடுமா?

அவருடைய கருத்து காற்றோடு போகவில்லை. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் நார்மானியர் வென்ற சில ஆண்டுகளில், திருத்தந்தையின் தூதர் எர்மன்பிரீதின் ஒப்புதலோடு நார்மானிய ஆயர்கள் வென்ற படையினருக்கே தவம் விதித்தனர். ஒருவன் தான் கொன்றதாக அறிந்த ஒவ்வொருவருக்கும் ஓராண்டுத் தவம் செய்ய வேண்டும் என்பது விதி. வெற்றி அவர்களை விலக்கிவைக்கவில்லை.

களத்திற்கு அப்பால் ஓர் அன்னை

அரசரும் ஆயரும் பேசிய இவ்வரலாற்றில் ஒரு பெண்ணின் குரலும் ஒலிக்கிறது. தெற்கே உசேஸ் நகரில் வாழ்ந்த துவோதா, பிரபு பெர்னார்தின் மனைவி. பெர்னார்து தம் படையுடன் ஃபோந்தெனுவாவுக்கு அருகிலேயே, எப்பக்கமும் சேராமல் காத்திருந்தார். வெற்றி யாருக்கென்று தெரிந்தபின், தம் மூத்த மகன் வில்லியமை, பதினான்கு வயதுச் சிறுவனை, சார்லசிடம் பிணையாக அனுப்பினார். அதே ஆண்டு மார்ச் மாதம் பிறந்த இளைய மகனையும், திருமுழுக்குக்கு முன்னரே தாயிடமிருந்து பிரித்துத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். தன் குழந்தைக்கு என்ன பெயர் இட்டனர் என்பதுகூட அத்தாய்க்குத் தெரியவில்லை.

841-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் துவோதா எழுதத் தொடங்கினார். 843 பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவர் காணிக்கை விழாவன்று, நூலை முடித்தார். மூத்த மகனுக்கு ஒரு தாய் எழுதிய அறிவுரை நூல் அது. இறைவனை அன்பு செய், தந்தையை மதி, தலைவனுக்கு உண்மையாயிரு, திருப்பாடல்களை ஓது, இறந்த அனைவருக்காகவும் மன்றாடு, உன் தம்பி வளர்ந்ததும் அவனுக்கும் இதைப் படித்துக்காட்டு என்கிறார். அண்ணன் தம்பியர் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு தாய் தன் மூத்தவனிடம் இளையவனைப் பொறுப்பாக ஒப்படைக்கிறாள். அந்தப் பொறுப்பை லோத்தேரும் ஒருகாலத்தில் திருமுழுக்குத் தொட்டியருகே ஏற்றவரே. துவோதாவின் அறிவுரையும் அவருடைய இல்லத்தைக் காக்கவில்லை. 844-இல் சார்லஸ் அவருடைய கணவருக்கு மரண தண்டனை விதித்தார். தந்தைக்காகப் பழிவாங்க எழுந்த வில்லியமும் சில ஆண்டுகளில் பார்சலோனாவில் கொல்லப்பட்டான். ஆனால் நூல் நிலைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் தாய் ஒருத்தியின் உள்ளத்தை அறிய நமக்குக் கிடைத்த அரிய செல்வம் அது.

தீர்ப்பின் பின்

இறைவனின் தீர்ப்பு என்று கருதப்பட்ட அந்நாள் எதையும் தீர்க்கவில்லை. லோத்தேர் மீண்டும் படை சேர்த்தார். 842 பிப்ரவரி 14-ஆம் நாள் லூயியும் சார்லசும் ஸ்திராஸ்பூர்க்கில் சந்தித்து, ஒருவர் படைக்குப் புரியும்படி மற்றவர் மொழியில் சத்தியம் செய்தனர். லூயி உரோமானிய வழக்கிலும் சார்லஸ் ஜெர்மானிய வழக்கிலும் பேசினர். நித்தார்து அச்சொற்களை அப்படியே எழுதிவைத்ததால், பிரெஞ்சு மொழியின் மிகப்பழைய உரைச்சான்று நமக்குக் கிடைத்தது. அரசன் சத்தியம் தவறினால் அவனுக்குத் துணைசெய்ய மாட்டோம் என்று வீரர்களும் ஆணையிட்டனர். முடிவில் 843 ஆகஸ்டில் வெர்தன் நகரில் நாடு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மேற்குப் பகுதி சார்லசுக்கும், கிழக்குப் பகுதி லூயிக்கும் சென்றன. ஆகெனும் உரோமையும் அடங்கிய நடுப்பகுதியும் பேரரசர் பட்டமும் லோத்தேருக்கு வாய்த்தன. போருக்கு முன் தம்பியர் தருவதாகச் சொன்ன சமபங்கு, போருக்குப் பின் ஏறக்குறைய அவ்வாறே கிடைத்தது. இடையில் மாண்டவர்களோ திரும்பவில்லை.

இதற்குள் வெளிப்பகைவர் உள்நுழைந்தனர். 841 மே மாதத்திலேயே, சகோதரர் படை நடத்திக்கொண்டிருந்தபோது, வடபுலக் கடற்கொள்ளையர் ரூவான் நகரை எரித்தனர். 843-இல் புனித யோவான் திருநாளன்று நாந்து நகரின் ஆயர் தம் ஆலயத்திலேயே வெட்டுண்டார். 845-இல் பாரிசு நகர் சூறையாடப்பட்டது. 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்தே சார்லஸ் அவர்களை விலக்க முடிந்தது. பிராங்குகளின் வலிமை முழுவதும் ஃபோந்தெனுவாவில் வடிந்துவிட்டது எனப் பிற்காலத்து மடாதிபதி ரெஜினோ எழுதினார். ஒரே போரால் ஒரு பேரரசு வீழ்வதில்லை என்று இக்கால ஆய்வாளர் சொல்வது சரியே. பிணக்கால் காவல் தளர்ந்தது என்பதும் சரியே.

நித்தார்து தம் நூலைத் தொடர்ந்து எழுதவே கூசினார். தம் இனத்தாரைப் பற்றி இழிவானதைக் கேட்பதே வெட்கம், அதை எழுதுவது அதனினும் துயரம் என்றார். எழுதிக்கொண்டிருந்தபோதே, 841 அக்டோபர் 18-ஆம் நாள் காலையில் கதிரவனை மறைப்புப் பிடித்தது என்றும் குறித்துவைத்தார். பாட்டனாரின் நாட்களில் அனைவரும் ஒரே வழியில் நடந்ததால் எங்கும் அமைதி இருந்ததென்றும், இன்று அவரவர் தம் வழியே நடப்பதால் எங்கும் பகை நிறைந்ததென்றும் ஏங்கி நூலை முடித்தார். சில ஆண்டுகளில் அவரும் போரிலேயே மடிந்தார்.

லோத்தேரின் முடிவைச் சொல்லி நாமும் முடிப்போம். 855-இல் நோயுற்ற அவர், தம் நாட்டைத் தம் மூன்று மைந்தருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, புரூம் மடத்தில் துறவுடை அணிந்தார். ஆறே நாளில், செப்டம்பர் 29-ஆம் நாள், அங்கேயே உயிர் நீத்தார். எந்தப் பட்டத்தின் மேன்மைக்காகச் சமாதானத்தைத் தள்ளினாரோ, அந்தப் பட்டத்தைக் களைந்து ஒரு துறவியாக அடக்கமானார். அவர் நாடும் விரைவிலேயே சிதறியது.

ஃபோந்தெனுவாவில் 1860-இல் நாட்டப்பட்ட ஒரு நினைவுத்தூண் இன்று நிற்கிறது. நம் இல்லங்களில் வாள்கள் இல்லை. ஆனால் பத்திரங்கள் உண்டு, வரப்புகள் உண்டு, ஒரே பீடத்தில் நற்கருணை பெற்றபின் ஒருவரையொருவர் நோக்காமல் செல்லும் உடன்பிறந்தோரும் உண்டு. வழக்கில் வென்றவன், ஆண்டவர் என் பக்கம் என்று நன்றிப்பூசை கேட்கின்றான். அவ்வேளையில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயர்கள் சொன்னதன் பிற்பகுதியையும், ரபானுசின் கேள்வியையும் நாம் நினைவிற்கொள்வது நன்று. வெற்றி நம் கையில் இருக்கலாம். தீர்ப்பு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.